வெட்டாமல் விட்ட பலா

எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) வைத்த பலாவை நாங்கள் வெட்டவில்லை. வெட்டக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்து, அதற்காக வீட்டு பிளானையே ஆறு அடி மேற்கே தள்ளினோம். ஆனாலும் மரம் செத்துவிட்டது. கொன்றது நாங்கள்தான், அரிவாள் எடுக்காமலே. அது எப்படி நடந்தது என்பதையும், மரம் மண்டிக் கிடக்கிற இடத்தில் வீடு கட்டப் போகிறவர்கள் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மரமாவது பிழைத்தால் போதும்.

இடம் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில். 27 சென்ட், செம்மண். ஐயா கட்டிய ஓட்டு வீடு அதில் இருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், இவ்வளவு தூரம் உள்ளே வந்தும் அடங்கவில்லை. எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் விழுந்த கதையை இன்னும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்களுக்குக் கிழக்கோரத்து வேம்பு வீட்டின் மேலேயே விழுந்தது. அப்பத்தா அடுப்படியில் படுத்திருந்ததால் தப்பித்தார். அதற்கப்புறம் திருச்சிக்கு எங்களோடு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. இடம் நாலு வருஷம் சும்மா கிடந்தது.

நாலு வருஷத்தில் ஒரு இடம் காடாகும் என்று சொன்னால் நகரத்தில் இருக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். சீமைக்கருவேலம் இருந்தால் அதுவே அதிகம். அதன் நெற்றைத் தின்ற ஆடு வேலியில்லாத இடத்தில் மேயும், புழுக்கையோடு விதையும் விழும், முளைத்துவிடும். அதோடு உண்ணிச்செடி, காரை, மஞ்சணத்தி எல்லாம் சேர்ந்து, 2023 மாசியில் நாங்கள் போய் நின்றபோது பழைய வீட்டின் சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பலா மட்டும் மேலே தலையைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "ஜேசிபியை விட்டு ஒரே நாள்ல சுத்தமா அடிச்சு வுட்ரு ஆத்தா, அப்புறம் பாத்துக்கலாம்." சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். எனக்கு அங்கே ஒரு சின்னக் கணக்கு உதைத்தது. 27 சென்ட் என்றால் 11,700 சதுர அடிக்கு மேல். நாங்கள் கட்டப்போகிற வீடு 1,200 சதுர அடி. பத்தில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்குக்காக எதற்கு மொத்தத்தையும் வழிக்க வேண்டும்? வீடு நிற்கிற இடம், அதைச் சுற்றி வேலை செய்ய ஒரு எட்டு பத்து அடி, லாரி வந்து போக ஒரு பாதை. இவ்வளவுதானே சுத்தமாக வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்டதில் எனக்கு இன்றைக்கும் திருப்திதான். அதற்கப்புறம் செய்த தப்புகள் வேறு.

முதலில் இரண்டு ஆள் வைத்து நாலு ஓரத்துக்கும் ஒற்றையடிப் பாதை மாதிரி வெட்டினோம். சர்வேயர் உள்ளே போக வழி வேண்டுமே. புலப்படத்தை, அதாவது இடத்தின் சர்வே வரைபடத்தை, வைத்து அளந்தபோது நாலு எல்லைக் கல்லில் இரண்டைக் காணோம். புதிதாகக் கல் நட்டதும் தெரிந்தது, நாங்கள் சின்ன வயதிலிருந்து நுங்கு வெட்டிச் சாப்பிட்ட மூன்று பனையில் ஒன்று பக்கத்துத் தோட்டக்காரருடையது. அளக்காமல் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மரத்தை எண்ணுவதற்கு முன்னால் கல்லைப் பாருங்கள். பனை நம்முடையதாகவே இருந்தாலும் நினைத்தபடி வெட்ட முடியாது. அது நம் மாநில மரம், வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். சந்தனம் இருந்தால் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள், சொந்தப் பட்டாவில் நின்றாலும் சரி. தேக்காக இருந்தாலும் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. நீலகிரி, கொடைக்கானல் மாதிரி மலைப்பகுதியில் இடம் வாங்கியிருப்பவர்களுக்கு விஷயம் இன்னும் கடினம், அங்கே மரம் வெட்டுவதற்கென்று 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் எங்கள் இடம் புன்செய் என்பதால் வீடு கட்ட அனுமதி வாங்க அலைந்த கதை ஒன்று உண்டு. அதற்கு இன்னொரு பதிவு வேண்டும், இங்கே விட்டுவிடுகிறேன்.

அளந்த பிறகு செய்த வேலையைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இடத்தை வரைந்து, ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பில் எண் போட்டு, இரண்டு வேலியிலிருந்தும் டேப் பிடித்து, எந்த மரம் எங்கே நிற்கிறது என்று குறித்தோம். ஒரு சாணுக்கு மேல் சுற்றளவு இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம். 34 மரம் வந்தது. உச்சி வெயிலில் நிழல் எதுவரை விழுகிறதோ அதையும் வட்டமாகப் போட்டேன். பிறகுதான் இன்ஜினியரைக் கூப்பிட்டோம். அவர் வழக்கம்போல் காலி மனைக்குப் போடுகிற பிளானோடு வந்தார், நோட்டைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை, "இப்படி யாரும் கொடுத்ததில்ல மேடம்" என்று சொல்லிவிட்டு அதன் மேலேயே பென்சிலால் வீட்டை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். மூன்று தடவை திருப்பிப் போட்ட பிறகு, 19 மரம் போகும், 15 மரம் நிற்கும் என்று வந்தது. போகிற 19-ல் 12 சீமைக்கருவேலம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது வீட்டுக்கு நடுவில் மாட்டிய ஒரு வேம்புக்கு மட்டும்தான்.

அடுத்தது கிணறு. இதை எழுதும்போது இப்போதும் கை சில்லிடுகிறது. பழைய வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது என்று அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. "சமையக்கட்டுலேர்ந்து பத்து எட்டு" என்றார். ஆனால் சமையல்கட்டே தெரியவில்லை. மரம் வெட்ட வந்த பெரியவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், ஆளையும் உள்ளே விடவில்லை மிஷினையும் விடவில்லை, ஒரு நீள மூங்கிலை எடுத்துக்கொண்டு தரையைக் குத்திக் குத்திக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் மூங்கில் கிர்ரென்று உள்ளே போனது. சுற்றுச்சுவர் இடிந்து உள்ளே விழுந்திருந்தது, வாயை மூடி உண்ணிச்செடி பந்தல் போட்டிருந்தது, நாற்பது அடி ஆழம். அந்தப் பக்கம்தான் மறுநாள் ஜேசிபி வந்து நிற்பதாக இருந்தது. பழைய குடியிருப்பு இருந்த இடம் என்றால் கிணறு, கழிவுக் குழி, தானியக் குழி எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஊரில் வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்க வைத்துக் கேளுங்கள். கேட்டாலும் மூங்கிலால் குத்திப் பாருங்கள்.

கிணற்றை மூடிவிடச் சொன்னவர்கள் உண்டு. மூடவில்லை. மூடினாலும் அந்த மண் வருஷக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும், அதன் மேல் எதையும் கட்ட முடியாது. இப்போது மாடியில் விழுகிற மழைத்தண்ணீர் ஜல்லியும் மணலும் போட்ட ஒரு தொட்டி வழியாக அதற்குள்தான் போகிறது. 2003-லேயே வீடுதோறும் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது, எங்களுக்கு ஐயா வெட்டிய கிணறே தயாராக இருந்தது.

செடி கொடி வெட்டுகிற வேலையைக் கோடையில், பகலில் மட்டும் செய்யுங்கள். கையால் செடியை விலக்காதீர்கள், கொம்பால் விலக்குங்கள். முட்டிவரை பூட்ஸ் வாங்கிக்கொடுத்தோம், முதலில் சிரித்தார்கள். இரண்டாம் நாள் பழைய ஓட்டுக் குவியலுக்கு அடியில் கண்ணாடி விரியன் ஒன்று சுருண்டிருந்ததைப் பார்த்த பிறகு எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஆட்டாமல் அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை, 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் பெரியவர் வெட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு மரத்தையும் தொட்டு, "குடியிருக்கிறவுக எல்லாம் வேற எடம் பாத்துக்கங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்தார். சின்ன வயதில் ஐயாவும் இப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். வடக்கு ஓரத்துப் புற்றை நாங்கள் தொடவில்லை. பக்கத்துத் தெருப் பெண்கள் ஆடி வெள்ளிக்கு அங்கேதான் பால் ஊற்றுகிறார்கள், நாங்கள் இல்லாத நாலு வருஷமும் அந்தக் காட்டுக்குள் குனிந்து போய் ஊற்றியிருக்கிறார்கள். வேலியில் அவர்களுக்கென்று ஒரு படல் வைத்தோம்.

இனி தூர், அதாவது மரத்தை வெட்டிய பிறகு மண்ணில் நிற்கிற அடிக்கட்டையும் வேரும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பணம் அதிகம் போவது இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான்.

சீமைக்கருவேலத்தைக் கரிக்கு வாங்குகிற ஒருவரிடம் பேசினோம். விறகை எடுத்துக்கொள்ளுங்கள், தூரைத் தோண்டிக் கொடுத்துவிடுங்கள் என்பது பேச்சு. எழுதி வாங்கவில்லை. அவருடைய ஆட்கள் தரையோடு தரையாக அறுத்துவிட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஒரு கோடை மழை பெய்தது, இருபது நாளில் பன்னிரண்டு இடத்திலும் கொத்துக் கொத்தாகத் துளிர். சீமைக்கருவேலத்தை வெட்டினால் போகாது, மண்ணுக்குள் ஒரு அடிக்குக் கீழே வரைக்கும் தூரோடு பெயர்க்க வேண்டும். அப்புறம் ஜேசிபி வைத்தோம், மணிக்கு 1,300 ரூபாய், ஏழு மணி நேரம். ஓட்டுநர் வந்து பார்த்ததும் முதலில் சொன்னது: "இடுப்பு உயரம் வுட்டு வெட்டச் சொல்லிருக்கணும்க்கா. கட்டை இருந்தா தள்ளுனா சாஞ்சிரும். இப்ப சுத்தித் தோண்டித்தான் எடுக்கணும்." சரிதானே. நெம்புவதற்குப் பிடி வேண்டும். இந்த ஒரு வரியை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதிப் பணம் மிச்சம்.

தூரை ஏன் விடக்கூடாது என்று கேட்பவர்களுக்கு: மண்ணுக்குள் இருக்கிற மரம் மக்கும், மக்கிய இடம் பள்ளமாகும், அதன் மேல் இருக்கிற தரையோ சுவரோ இறங்கும். மக்குவதற்கு முன்னால் கறையான் வரும். நம் ஊர் செம்மண்ணில் கறையானுக்கு அழைப்பே தேவையில்லை, நாம் விருந்தும் வைத்துவிட்டு மேலே வீடு கட்டக்கூடாது. அஸ்திவாரத்துக்குக் கறையான் தடுப்பு மருந்து அடிப்பது நல்லதுதான், நாங்களும் அடித்தோம். ஆனால் அடியில் கட்டையை வைத்துக்கொண்டு மேலே மருந்தை நம்புவதில் அர்த்தமில்லை. கடப்பாரைக்குச் சிக்குகிற விரல் கனத்து வேர் வரைக்கும் வீடு வருகிற இடத்தில் பொறுக்கி எடுத்தோம். பத்து நாள் ஆனது.

தூர் எடுத்த குழியை மூடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நடுவில் நின்ற வேம்பை எடுத்த இடத்தில் ஐந்தடி அகலம், நாலடி ஆழத்துக்குக் குழி. படுக்கையறை மூலைத் தூண் சரியாக அங்கேதான் வருகிறது. மேஸ்திரி அந்த மண்ணையே தள்ளி மூடிவிடலாம் என்றார், மூடியும் ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே இலையும் சுள்ளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. இன்ஜினியர் வந்து நிறுத்தி, எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்லி, அந்த ஒரு தூணுக்கு மட்டும் வானத்தை (அஸ்திவாரக் குழியை) ஆறடிவரை தோண்டி, கை படாத கெட்டி மண்ணில் உட்கார வைத்தார். தூண் வராத மற்ற குழிகளில் அரை அடி அரை அடியாகக் கிராவல் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இடித்து மேலே கொண்டுவந்தோம். ஒரே தடவையில் கொட்டி மேலே லாரியை ஓட்டினால் இறுகிவிடும் என்று நினைக்காதீர்கள், மேல் ஒரு அடிதான் இறுகும். கரிசல் மண்ணில் இடம் இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அது ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். இத்தனை வருஷம் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்த பெரிய மரத்தை எடுத்ததும் அந்த இடத்தில் ஈரம் ஏறும், மண் மெதுவாக மேலே எழும். மரத்தை வெட்டின கையோடு அங்கே அஸ்திவாரம் போடாமல் இன்ஜினியரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

மேல் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு வருஷம் இலை விழுந்து மக்கின கறுப்பு மண் அரையடிக்கு இருந்தது. வீடு வருகிற இடத்தில் அதை வழித்து எடுக்கத்தான் வேண்டும், மக்குப் பொருள் இருக்கிற மண்ணைப் பேஸ்மெண்டுக்குள் நிரப்பக் கூடாது. ஆனால் எடுத்ததை லாரிக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். தெற்கு மூலையில் குவித்து வைத்தோம், இன்றைக்கு அதில்தான் கீரையும் கத்தரியும் வருகிறது.

சரி, பலா.

பலா வீட்டுச் சுவரிலிருந்து 18 அடி தள்ளி, ரோட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றது. ஐயாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம் வைத்தது என்று அப்பத்தா சொல்வார், அறுபது வயது இருக்கும். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க இரண்டு பேர் வேண்டும். மரத்தைக் காப்பாற்றுவது என்றால் அதை வெட்டாமல் இருப்பது, அதன் மேல் வண்டி மோதாமல் பார்ப்பது, இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அடிமரத்தைச் சுற்றிச் சாக்கு கட்டச் சொன்னேன். கிளை ஒடியாமல் லாரி வரக் கொடியைக் கட்டி உயரம் காட்டினோம். மேலே இருக்கிற மரத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டோம்.

முதல் அடி, அதற்குப் பக்கத்தில் ஆறடியில் இருந்த ஒரு சீமைக்கருவேலத் தூர். மற்றதைப் பிடுங்கின மாதிரியே அதையும் ஜேசிபி பிடுங்கியது. இரண்டு மரத்து வேரும் பின்னிக்கொண்டு கிடந்திருக்கிறது, தூரோடு பலா வேரும் கை கனத்துக்கு இரண்டு மூன்று பிய்ந்து வந்தது. பார்த்தேன். பெரிய மரம், தாங்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு தூரை மட்டும் ஆளை வைத்துக் கோடரியால் வெட்டி எடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நிழல். கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஒரே ஒரு பெரிய மரம் இருந்தால் எல்லாம் அதன் அடிக்குத்தான் போகும். சிமெண்ட் மூட்டை, ஜல்லி, கம்பி வளைக்கிற பலகை, கலவை மிஷின், டிராக்டர், மத்தியானம் சாப்பிட உட்காருகிறவர்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, சித்திரை வெயிலில் வேறு எங்கே போவார்கள். ஏழு மாதம் அந்த மண்ணின் மேல் எடை ஏறி ஏறி தார் ரோடு மாதிரி ஆகிவிட்டது. கலவைச் சட்டி கழுவின தண்ணீரும் அங்கேயே.

மூன்றாவதுதான் கொன்றது. ரோடு உயரமாகிவிட்டதால் வாசலுக்குத் தண்ணீர் வராமலிருக்க முன்பக்கம் முழுக்க இரண்டடி கிராவல் அடித்து உயர்த்தினோம். பலாவைச் சுற்றி மட்டும் மூன்றடி தள்ளி வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்பி, அடிமரத்தில் மண் படாமல் விட்டோம். பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஊரெல்லாம் இப்படித்தானே செய்கிறார்கள், கோயில் மரத்துக்கு மேடை கட்டுகிற மாதிரி. ஆனால் மரம் மூன்றடி வட்டத்தில் இல்லை. சாப்பிடுகிற வேர்களில் பெரும்பங்கு மேல் இரண்டடி மண்ணில்தான் பரவியிருக்கிறது, அதுவும் கிளை நிழலைத் தாண்டியும் போகிறது. வேருக்கும் மூச்சு வேண்டும். அதன் மேல் இரண்டடி கிராவலைக் கொட்டி இறுக்கினால் அது உள்ளே திணறும். அதோடு அந்தச் செங்கல் வட்டம் ஐப்பசி மழைக்குத் தொட்டியாகிவிட்டது. நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. பலாவுக்கு ஆகாதது ஒன்று உண்டென்றால் அது காலடியில் தேங்குகிற தண்ணீர்தான். பலாவோடே வாழ்கிற ஊரில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம், 2024-ல், அது காய்த்த காய்ப்பு! அடியிலிருந்து கிளைவரை. புது வீடு ராசி என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், நாங்களும் சந்தோஷப்பட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். அந்தப் பெரியவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "இது நல்லதுக்குக் காய்க்கல ஆத்தா" என்றார். "போகப்போற மரம் வித்தை வச்சுட்டுப் போகும்." உச்சியைப் பார்க்கச் சொன்னார். நுனிக் கிளைகள் இலையில்லாமல் நின்றன. புது இலை எல்லாம் பாதி அளவில், மஞ்சளாக. நாங்கள் தினமும் கீழே காயை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

தோட்டக்கலை படித்த உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து மண்ணைத் தோண்டிக் காட்டினான். கிராவலுக்குக் கீழே பழைய தரை வந்த இடத்தில் வேர் கறுத்துப்போய், நசுக்கினால் நசுங்கியது, வாடை வந்தது. அப்போதே செங்கல் வட்டத்தை உடைத்து, ஒரு பக்கமாவது மண்ணை அள்ளினோம். ஆவணிக்குள் இலை முழுக்கக் கொட்டிவிட்டது. தையில் வெட்டினோம். உள்ளே வைரம் பாய்ந்த கட்டை நல்ல மஞ்சளாக இருந்தது. பலகை போட்டு அடுக்கி வைத்திருக்கிறது, என்ன செய்வது என்று இன்னும் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் செய்ய வேண்டியிருந்தது பெரிய வேலையே இல்லை. வேலை ஆரம்பிக்கும் முன்னால், உச்சி நிழல் விழுகிற வட்டத்தில் நாலு கம்பு நட்டுச் சவுக்குக் கழியால் ஒரு வேலி. அதற்குள் ஆளோ வண்டியோ பொருளோ போகக்கூடாது, மண் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வேலையாட்களுக்கு வேறு பக்கம் நாலு கீற்றை வைத்து ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தால் அவர்களும் அங்கே போயிருப்பார்கள், மூவாயிரம் ரூபாய்கூட ஆகியிருக்காது. பாதையைக் கிழக்கே பத்தடி தள்ளியிருக்கலாம், அந்தப் பக்கம் வெறும் முந்திரிதான். என் கணக்கு நோட்டில் அந்த நிழல் வட்டம் இருந்தது, நானேதான் வரைந்தேன். வீட்டுச் சுவர் அதற்குள் வராமல் பார்த்தேன், மண்ணும் வண்டியும் உள்ளே வராமல் பார்க்கவில்லை.

அதே கிராவல் மேற்கே நின்ற வேம்பின் ஒரு பக்கத்திலும் ஏறியிருந்தது. பலாவைத் தோண்டிப் பார்த்த அன்றைக்கே அங்கேயும் ஓடினோம். மிஷின் வைக்கவில்லை, இரண்டு ஆள், மண்வெட்டி, வேர் தெரிய ஆரம்பித்ததும் கையாலும் கரண்டியாலும். பழைய தரை வருகிறவரை அள்ளினோம், பிறகு இறுகின மண்ணில் அங்கங்கே கடப்பாரையால் துளை போட்டு மக்கின இலையைப் போட்டோம். இந்தப் பங்குனியில் வேம்பு பூத்தது. கிராவல் ஏறாத பக்கம் மாதிரி அடர்த்தியாக இல்லை, ஆனாலும் பூத்தது. உகாதிப் பச்சடிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து பறித்துக்கொண்டு போனார்.

போன வாரம் மழை பெய்து மண் இளகியிருக்கிறது. வேலியோரம் சீமைக்கருவேலக் கன்று முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது, இப்போது பிடுங்கினால் தூரோடு வரும், காய்ந்துவிட்டால் கடப்பாரை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த வேலைதான். கிணற்றுக்கு இரும்பு வலை போட அளவு எடுக்கவும் ஆள் வருகிறார்.